எழுத்தின் காலிலிருந்து மூன்று கீழே

தோன் எவேலியோ என்ற கிழவரின் இடுப்பெலும்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முறிந்தது. காரணம் ஒரு நிலா என்பது கம்பெனிக்குத் தெரியவர மூன்று வாரம் ஆயிற்று.

வானத்து நிலா இல்லை. கைபேசியில் எழுத்துகளுக்கு நடுவே வந்து உட்காரும் பொம்மை நிலா, இமோஜி. எரேதியா நகரத்தில் இருந்த அந்தக் கம்பெனி, மலைப்பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்கு ஆப் செய்து கொடுத்திருந்தது. நர்ஸுகள் நோயாளிகளுக்கு அதில் செய்தி அனுப்புவார்கள். எட்டு மணி, இருபது மணி என்று எழுதினால் வயதானவர்கள் குழம்புகிறார்கள் என்று நர்ஸுகளே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மாத்திரையின் நிறத்தை எழுதிப் பக்கத்தில் ஒரு படம். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. கம்பெனியில் யாரும் இதைக் கேட்டதும் இல்லை, யோசித்ததும் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் மார்லோன், கிழவரின் கைபேசியை நர்ஸ் எடுத்து அனுப்பிய போட்டோவைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். தோன் என்றால் அந்த ஊர் ஐயா. தோன் எவேலியோவுக்குக் கண் மங்கல். எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவில் வைத்திருந்தார். அந்த அளவில் படங்கள் எல்லாம் அரை வரி மேலே ஏறிக் கிடந்தன. முதல் வரியின் சூரியன் கட்டத்தின் விளிம்பில் தலை வெட்டுப்பட்டு வெறும் கீற்றாகத் தெரிந்தது. இரண்டாம் வரியின் நிலா முதல் வரியைப் பிடித்துத் தொங்கியது. மூன்றாம் வரியின் சூரியன் இரண்டாம் வரிக்குக் குடிபோயிருந்தது.

வெள்ளைக்குச் சூரியன், மஞ்சளுக்கு நிலா, நீலத்துக்குச் சூரியன். நர்ஸ் அனுப்பியது இது. வெள்ளைக்கு நிலா, மஞ்சளுக்குச் சூரியன். கிழவர் படித்தது இது. மஞ்சள், தூக்க மாத்திரை. காலைக் காபியோடு அதை விழுங்கிவிட்டு ரொட்டி வாங்கக் கிளம்பினார். அந்தத் தெருவோரச் சாக்கடை முழங்கால் ஆழம்.

"யார் எழுதின வரி இது?" என்றான் மார்லோன்.

அங்கே நிரல் எழுதும் ஓல்மானுக்குத் தெரியும். பார்க்கவே தேவையில்லை. கணினி நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாக அதைத் தொட்டவர் பெயர் சாம்பல் நிறத்தில் வரும். மார்லோன் அந்த வரியைத் தேடிப் பிடித்துச் சுவரில் போட்டான்.

ஸீனியா ப்ரேனெஸ். மூன்று வருடத்துக்கு முன்பு.

அறையில் ஒன்பது பேர். கிட்டத்தட்ட எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பதினான்கு மாதமாக ஓல்மான் உள்ளே வந்தால் பேச்சு நிற்பது வழக்கம். அன்று அவன் உள்ளே இருக்கும்போதே நின்றது.

ஸீனியா அவன் மனைவி. அதே கம்பெனியில், அவனுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு ஞாயிறு பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் குளியலறையில் சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பது வயது.

"மன்னிச்சிடுங்க ஓல்மான்," என்று மார்லோன் சுவரில் தெரிந்த திரையை அணைத்தான். "எனக்குத் தெரியாது. சத்தியமா."

ஓல்மான் தலையை ஆட்டினான். எதிரே உட்கார்ந்திருந்த யென்ட்ரி மட்டும் மேசையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப் வெளியே போகுமுன் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

அந்த வரியில் இருந்தது ஒரே ஒரு எண். மூன்று.

எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் மேல் உட்காருகின்றன. சில எழுத்துக்கு மட்டும் வால் கீழே தொங்கும். படத்துக்கு வாலும் இல்லை, இடுப்பும் இல்லை. கொண்டுபோய் வைத்தால் கோட்டின் மேல் பெட்டி மாதிரி நிற்கும், பக்கத்து எழுத்தைவிட ஒரு படி உசரமாக. அதைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஸீனியா அதற்கு ஒரு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டாள். காகிதத்தின் ஓரத்தைத் திரையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, தையற்காரி மாதிரி.

"நாலு வச்சா என்ன கெட்டுப்போச்சு?" என்று அவன் கேட்டான்.

"நாலு வச்சா நிலா சேத்துல கால் விட்ட மாதிரி இருக்கு. உங்களுக்குக் கண்ணு எதுக்கு இருக்கு? என்னைப் பார்க்க மட்டுமா?"

"அதுக்கும் சரியா யூஸ் பண்றதில்லைன்னுதானே சொல்றீங்க."

"தெரியுதுல்ல? தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் நீங்கதான். நாயைக்கூட நீங்க என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்று பிக்சல் என்று எழுதி, மேலே ஒரு குறிப்பும் வைத்தாள். 'எழுத்தின் காலிலிருந்து மூன்று கீழே. நாலு இல்லை. கண்ணால் அளந்தது. தொடாதீர்கள்.' வீட்டு முகவரி மாதிரி இருக்கிறதே என்று அலுவலகமே சிரித்தது. அந்த ஊரில் கதவு எண் கிடையாது, அவர்கள் வீட்டு முகவரியும் அப்படித்தான்: பழைய சோப்புக் கம்பெனி இருந்த இடத்திலிருந்து முந்நூறு மீட்டர் தெற்கே, கறுப்பு கேட்.

அவள் இறந்து நான்கு மாதத்தில் கம்பெனி எழுத்துருவை மாற்றியது. பெரிய முதலாளிகளுக்குப் புது அழகு வேண்டியிருந்தது. புது எழுத்து குள்ளம், அகலம். வரிகளும் நெருக்கப்பட்டன. அளவுகளை எல்லாம் திருத்தும் வேலை ஓல்மானிடம் வந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து திருத்தினான். திருத்திய வரியில் எல்லாம் ஸீனியா போய் ஓல்மான் வந்தான். அறுபது எழுபது வரி இருக்கும். முதலில் அவன் கவனிக்கவில்லை. கவனித்தபோது ஒரு வரிதான் பாக்கி இருந்தது.

அதை அவன் தொடவில்லை.

வேலை முடிந்தது என்று அனுப்பியபோது யென்ட்ரி கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தாள். 'இமோஜியைப் பெரிய எழுத்திலும் பார்த்தீர்களா?'

'பார்த்தேன். சரியாக இருக்கிறது,' என்று எழுதினான்.

பார்க்கவில்லை. பார்த்தால் தப்பாக இருக்கும் என்று தெரியும். தப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். அதன்பின் பத்து மாதம், காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்து அந்த வரியையும் பக்கத்தில் இருந்த பெயரையும் பார்த்துவிட்டு மூடுவான். ஜெபமும் இல்லை, அழுகையும் இல்லை. மின்சார மீட்டர் பார்ப்பவன் பார்ப்பதுபோலத்தான்.

அன்று மதியம் ஓல்மான் மார்லோனின் அறைக்குப் போனான். மார்லோன் வாய்க்கு வாய் 'மாயே' போடுகிற ஆள். அந்த ஊர் மச்சான் அது.

"மாயே, வாங்க. நீங்க வேணா இன்னிக்கு வீட்டுக்குப் போயிடுங்க."

"தப்பு அவளோடது இல்ல."

"யாரோடதும் இல்ல மாயே. நடந்துபோச்சு."

"என்னோடது. எழுத்துருவை மாத்தினது நான். அந்த வரியை விட்டுட்டேன். யென்ட்ரி கேட்டாங்க, பார்த்தேன்னு பொய் சொன்னேன்."

மார்லோன் எழுந்துபோய்க் கதவை மூடினான். திரும்பி வந்து உட்காரவில்லை. சன்னலில் சாய்ந்துகொண்டான்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதான்."

"அப்ப என்கிட்டயும் சொல்லலைன்னு வச்சுக்குங்க. மாயே, கேளுங்க. கூட்டம் முடிஞ்ச கையோட கிளினிக்குக்கு அறிக்கை போயாச்சு. காலமாகிவிட்ட முன்னாள் ஊழியர் ஒருவரின் அளவுப் பிழை. அவ்வளவுதான். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அடடா, பாவம்னாங்க. பாவம்! நான் திட்டு வாங்கத் தயாரா உட்கார்ந்திருந்தேன்."

"பேர் போட்டீங்களா?"

"கேட்டாங்க. போட்டேன்."

"எடுத்துடுங்க. என் பேரைப் போடுங்க."

"போட்டா நான் உங்களைத் தூக்கணும். உங்களைத் தூக்கினா அந்த நிலாவை யாரு கீழ இறக்குறது? நானா? எனக்கு ப்ரவுசரைத் திறக்கவே ரெண்டு கிளிக் ஜாஸ்தி." சிரித்துப் பார்த்தான், எடுபடவில்லை. குரலைத் தாழ்த்தினான். "அவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல மாயே. அவங்களை யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது. போலீசுக்கும் இழுக்க முடியாது. உங்களை முடியும். அவங்களே இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? விடுங்க, என் பேர்லயே இருக்கட்டும்னு சொல்லியிருக்க மாட்டாங்க?"

சொல்லியிருக்க மாட்டாள். 'கண்ணு எதுக்கு இருக்கு?' என்றுதான் கேட்டிருப்பாள். ஓல்மான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

காபி எடுக்கும் இடத்தில் யென்ட்ரி நின்றுகொண்டிருந்தாள். கோப்பையில் நாலு கரண்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே, அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"உங்களைக் காப்பாத்தத்தான் வாயை மூடிட்டு இருந்தேன்னு நினைச்சிடாதீங்க. நீங்க திறக்கறீங்களான்னு பார்க்கத்தான்."

"திறந்தேன். இப்பதான் மார்லோன்கிட்ட."

"கதவை மூடிட்டா?"

அவன் ஒரு கோப்பையை எடுத்துக் காபி ஊற்றிக்கொண்டான்.

"எனக்கும் ஸீனியா தோழிதான்," என்றாள். "ஒன்பது பேர் நடுவுல அவங்க பேரைச் சுவத்துல போட்டாங்க. நீங்க தலையை ஆட்டுனீங்க. ஆட்டுனீங்களா இல்லையா?"

"ஆட்டினேன்."

"சூடா இருக்கு, பார்த்துக் குடிங்க," என்று தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திருத்துவதற்கு இரண்டு நாள் ஆனது. ஆறு எழுத்தளவு, நான்கு வரியுயரம். இருபத்துநான்கு கட்டங்களாகத் திரையில் அடுக்கி வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றிலும் ஒரே செய்தி: வெள்ளை, மஞ்சள், நீலம். பிக்சல் கணக்கை விட்டு, எழுத்து எவ்வளவோ அதில் இத்தனை பங்கு என்று படத்தின் உயரத்தையும் இறக்கத்தையும் மாற்றினான். எழுத்து வளர்ந்தால் நிலாவும் வளர வேண்டும், வளர்கிற அளவுக்கு இறங்கவும் வேண்டும். படம் பெரிதானால் வரிகள் விலகி இடம் கொடுக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஸீனியாவுக்கும் தெரியும். அவள் செய்த காலத்தில் இந்த ஆப் நர்ஸுகளின் மேசைக் கணினியில் மட்டும் ஓடியது. ஒரே எழுத்துரு, ஒரே அளவு. கைபேசிக்கு வந்தது பிறகு.

புதன்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டபோது, சும்மா ஒரு காரியம் செய்தான். பழைய எழுத்துருவைத் தேடி எடுத்துத் தன் கணினியில் மட்டும் போட்டான். பழைய அளவு, பழைய வரியுயரம். அவளுடைய மூன்றை வைத்தான்.

நிலா எழுத்தோடு எழுத்தாக உட்கார்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். ஒரு மயிரிழை பிசகு இல்லை. நாலு வைத்தான். சேற்றில் கால் விட்டது. திரும்ப மூன்று வைத்தான்.

அவள் சரியாகத்தான் அளந்திருந்தாள். எதிலிருந்து அளந்தாளோ அதைப் பெயர்த்து எடுத்தவன் அவன்.

பழைய எழுத்துருவை அழித்தான். மூன்றை அழித்தான். குறிப்பையும் அழித்தான், அது இனி பொய். புதுக் கணக்கை எழுதினான். மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் இடத்தில், வழக்கமாக ஒரு வரி எழுதுகிற இடத்தில், ஐந்து வரி எழுதினான். 'இந்த எண் எழுதப்பட்டபோது சரி. எழுத்துரு மாறியபோது இதையும் மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை. சோதித்தேன் என்று சொன்னேன். சோதிக்கவில்லை. ஓல்மான் சன்ச்சூன்.' அனுப்பினான்.

அந்த இடத்தில் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. யென்ட்ரி சோதித்துவிட்டு, 'பெரிய எழுத்திலும் பார்த்தேன்,' என்று எழுதி முடித்துவைத்தாள். நான்கு மணிக்கு மாற்றம் எல்லாக் கைபேசிக்கும் போனது. கோப்பைத் திறந்தான். அந்த வரிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அவன் பெயர் இருந்தது. ஸீனியாவின் பெயர் கம்பெனியில் இனி ஒரே இடத்தில்தான் இருக்கிறது, மார்லோன் அனுப்பிய அறிக்கையில்.

கிளினிக்குக்குப் போன் செய்தான். கைபேசியில் மாற்றம் சரியாக வந்திருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்றான். பாதிப் பொய். நர்ஸ் முகவரி கொடுத்தாள். பார்வா, பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து இருநூறு மீட்டர் வடக்கே, பச்சை கேட்.

வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறினான். பார்வாவில் சினிமாக் கொட்டகை எதுவும் கண்ணில் படவில்லை. பழக்கடைக்காரரைக் கேட்டான்.

"கொட்டகையா? அதை இடிச்சு இருபது வருஷம் ஆச்சே. அதோ, கார் நிறுத்துறாங்க பாருங்க, அதான்."

"அங்கிருந்து இருநூறு மீட்டரா?"

"பின்ன? கொட்டகை போச்சுன்னா வீடும் நகந்து போயிடுமா?"

கார்களுக்கு நடுவே நின்று வடக்கே எண்ணி நடந்தான். பச்சை கேட் இருந்தது.

கதவைத் திறந்தவள் மகள் மரியெலோஸ். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஈரத் துணி. ஆப் கம்பெனி என்றதும் முகம் இறுகியது. கைபேசியைச் சரிபார்க்க வந்தேன் என்றதும் கொஞ்சம் தளர்ந்தது.

தோன் எவேலியோ கூடத்தில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடைச்சட்டம். ஒடிசலான மனிதர், சவரம் செய்த முகம். கைபேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தார்.

"நேத்துலேர்ந்து நல்லா இருக்கு," என்று காட்டினார். "பாருங்க. மஞ்சளுக்கு நேரா நிலா. குழந்தைகூடப் படிக்கும். யாரு பண்ணினது?"

"நான்தான்."

"மரியெலோஸ்! இவருக்குக் காபி குடுங்க. இவருதான் சரி பண்ணினவராம்." அவன் பக்கம் திரும்பினார். "கை சுத்தம் உங்களுக்கு. உட்காருங்க."

உட்கார்ந்தான். மரியெலோஸ் துணிவடியில் காபி இறக்கிக் கொண்டுவந்தாள். கூடவே சோள ரொட்டி ஒன்று. அந்த வீட்டுக் காபி நன்றாக இருந்தது. பதினான்கு மாதத்தில் எதுவும் நன்றாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியதில்லை. அது அவனுக்கே கசந்தது.

"வலி எப்படி?" என்று கேட்டான்.

"வலியை விடுங்க. மூத்திரம் போக மகளைக் கூப்பிடணும். அதான் வலி. தினம் காலையில எழுந்ததும் அவளை நினைச்சுத் திட்டிட்டுத்தான் காபியே குடிக்கிறேன்."

"மகளையா?"

"சேச்சே. அந்தப் பொண்ணை. நிலாவைத் தப்பா மாட்டினாளே, அவளை. நர்ஸ் எல்லாம் சொன்னாங்க. செத்துப்போயிட்டாளாமே. சின்ன வயசாம்."

"அப்பா," என்றாள் மரியெலோஸ்.

"என்ன அப்பா? பொறுப்பில்லாம வேலை செஞ்சா மேல இருக்கிறவர் பார்த்துட்டுச் சும்மா இருப்பாரா? கணக்காத்தான் கூட்டிட்டுப் போயிருக்கார்."

ஓல்மான் கோப்பையைப் பார்த்தான். பாதி இருந்தது. எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். கதவு திறந்துதான் இருந்தது. சரி செய்தவன் என்ற பெயரோடு போகலாம். கிழவர் நாளைக் காலையும் திட்டுவார், நாளை மறுநாளும். காற்றில் போகிற திட்டு, யாருக்கும் வலிக்காது. மார்லோன் சொன்னது அதுதான்.

"அவ தப்பா மாட்டலை, தோன் எவேலியோ," என்றான். "அவ வச்சப்போ சரியா இருந்துச்சு. பின்னாடி எழுத்தை மாத்தினது நான். அப்பவே நிலாவையும் மாத்தியிருக்கணும். மாத்தலை. பெரிய எழுத்துல பார்த்தீங்களான்னு கேட்டாங்க. பார்த்தேன்னு சொன்னேன். பார்க்கலை."

கிழவர் கைபேசியை மடியில் வைத்தார்.

"ஏன் பார்க்கலை?"

அது ஒன்றுக்குத்தான் அவன் தயாராக வரவில்லை.

"அவ என் மனைவி," என்றான். "அந்த வரியில அவ பேர் இருந்துச்சு. தொட்டா பேர் போயிடும்."

"பேரு போயிடும்னு."

"ஆமா."

"பேரு போயிடும்னு," என்று கிழவர் மறுபடி சொன்னார், இந்த முறை மகளைப் பார்த்து. "கேட்டீங்களா?"

மரியெலோஸ் இரண்டு எட்டில் வந்து ஓல்மானின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. விருந்தாளி குடித்து முடித்ததும் வாங்குவதுபோல வாங்கினாள். ரொட்டித் தட்டையும் எடுத்தாள். உள்ளே போய்க் காபியைத் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. வெளியே மழை பிடித்திருந்தது.

"அறிக்கையில அவ பேர்தான் இருக்கு," என்றான் ஓல்மான். "அதை மாத்த முடியலை. உங்களுக்காவது தெரியணும்னுதான் வந்தேன்."

"எனக்காகவா வந்தீங்க?"

ஓல்மான் நடைச்சட்டத்தைப் பார்த்தான்.

"உங்க பேர் என்ன?"

"ஓல்மான்."

"முழுப் பேர்."

"ஓல்மான் சன்ச்சூன்."

கிழவர் உதடு அசைய அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடையில் வாங்க வேண்டியதை மறக்காமல் இருக்கச் சொல்லிக்கொள்வார்களே, அதுபோல.

"அந்தப் பொண்ணு பேர்?"

"ஸீனியா."

"சரி," என்றார். "கேட்டைச் சாத்திட்டுப் போங்க. மழைத்தண்ணி உள்ள வருது."

சாத்தினான். தெரு முழுக்கத் தண்ணீர். சாக்கடை நிறைந்து எது தரை எது பள்ளம் என்று தெரியாமல் ஓடியது. கொட்டகை இருந்த இடம்வரை சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தான். நாளைக் காலை ஆறு மணிக்குக் கிழவர் எழுந்துகொள்வார். யாரைத் திட்டுவது என்று இப்போது அவருக்குத் தெரியும்.